எம்3, கான்டாரெக்ஸ், ரோலைஃப்ளெக்ஸ், நிக்கான் எஃப்: பழைய பிலிம் கேமராக்களில் எதை வாங்குவது?

பேட்டரி இல்லாமல், பற்சக்கரங்களாலும் சுருள்வில்களாலும் மட்டுமே இயங்கும் பழைய பிலிம் கேமரா ஒன்றை வாங்கி நெடுங்காலம் வைத்துப் படம் எடுக்க விரும்புபவர், தேடலின் முடிவில் பெரும்பாலும் நான்கு கேமராக்களுக்கு நடுவே நின்று யோசிப்பார். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் செய்யப்பட்ட லைக்கா எம்3, ஸ்டுட்கார்ட்டில் ஸைஸ் ஐகான் செய்த கான்டாரெக்ஸ், பிரவுன்ஷ்வைக்கில் பிறந்த ரோலைஃப்ளெக்ஸ் 3.5 எஃப், ஜப்பானின் நிப்பான் கோகாகு நிறுவனம் செய்த நிக்கான் எஃப் ஆகியவையே அந்த நான்கும். எல்லாமே 1954-க்கும் 1960-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் வெளிவந்தவை. அந்த ஆண்டுகளில் உலோகத்தைக் கடைந்து பொருத்தும் கலை முழு முதிர்ச்சி அடைந்திருந்தது. அதன் வேலையைப் பறிக்கும் மின்னணுச் சுற்றுகள் கேமராவுக்குள் இன்னும் நுழையவில்லை. ஆகவே இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும் நல்ல பொருளே கைக்கு வரும். ஆனால் அவற்றின் வேலைப்பாடு ஒரே வகையைச் சேர்ந்தது அல்ல. எந்த வகையை நாம் மதிக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால்தான் தேர்வு எளிதாகும்.

அரிய பொருள் என்பதும் நேர்த்தியான பொருள் என்பதும் சந்தையில் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. கறுப்பு வண்ணம் பூசிய லைக்கா எம்3 மிகக் குறைந்த எண்ணிக்கையில் வந்ததால் சேகரிப்பாளர்கள் அதற்குப் பெருந்தொகை தருகிறார்கள். குரோம் பூச்சு கொண்ட எம்3 இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இரண்டின் உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றே. படம் எடுப்பதற்காக வாங்குபவர் வண்ணத்தின் அருமைக்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. எடையையும் அப்படியே ஒதுக்கிவைக்கலாம். கனமாக இருப்பதெல்லாம் உறுதியானது என்று நம்பினால் கான்டாரெக்ஸை விட்டு வேறெதையும் பார்க்கவே முடியாது. என்னைப் பொறுத்தவரை ஒரு கேமராவின் வேலைப்பாட்டை அளக்கும் கேள்விகள் வேறு: அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் அசைவுகள் தடுமாறாமல் இருக்கின்றனவா? தடுமாறினால், அதைச் செய்தவர் அல்லாத இன்னொருவர் அதைத் திறந்து மீண்டும் சரியாகப் பூட்ட முடியுமா?

லைக்கா எம்3 1954-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த போட்டோகினா கண்காட்சியில் அறிமுகமானது. கோடாக்கின் ட்ரை-எக்ஸ் பிலிம் 35 மி.மீ. வடிவில் வந்ததும் அதே ஆண்டில்தான். குறைந்த ஒளியில் கையில் பிடித்தபடியே படம் எடுக்கும் பழக்கம் பரவியதற்கு இந்த இரண்டும் சேர்ந்தே துணைபுரிந்தன. எம்3-இன் பெருமை முதலில் அதன் வியூஃபைண்டரில் இருக்கிறது. ஏறத்தாழ 0.9 மடங்கு அளவில் காட்சியைக் காட்டுவதால் இரண்டு கண்களையும் திறந்துவைத்தே பார்க்கலாம். உலகின் மீது ஒளிரும் சட்டம் ஒன்று மிதப்பதுபோல் தெரியும். 50 மி.மீ. லென்ஸுக்கான சட்டம் எப்போதும் தெரியும்; 90, 135 மி.மீ. லென்ஸ்களுள் எதைப் பொருத்துகிறோமோ அதற்குரிய சட்டமும் தானாகவே தோன்றும். அருகில் உள்ள பொருளை ஃபோகஸ் செய்யும்போது, கண் பார்ப்பதற்கும் லென்ஸ் பார்ப்பதற்கும் உள்ள விலகலை ஈடுசெய்ய அந்தச் சட்டமும் மெல்ல நகர்ந்துகொடுக்கும். இவை எல்லாவற்றையும் கண்ணாடித் துண்டுகளாலும் சிறு நெம்புகோல்களாலும் மட்டுமே நிகழ்த்தியிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வடிவமைப்பாளர்கள் மீது மரியாதை கூடுகிறது.

ஷட்டரோ இதற்கு நேர்மாறாக மிக எளிமையானது. ரப்பர் பூசிய இரண்டு துணித் திரைகள் உருளைகளில் சுற்றப்பட்டிருக்கும். முதல் திரை ஓடத் தொடங்கிய சிறு இடைவெளிக்குப் பின் இரண்டாவது திரை அதைத் தொடரும்; இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கின் அகலமே பிலிமின் மேல் விழும் ஒளியின் அளவைத் தீர்மானிக்கும். 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவுக்காக ஓஸ்கர் பார்னாக் வகுத்த கருத்தே இது. முப்பது ஆண்டுகள் ஒரே கருத்தைச் செதுக்கிச் செதுக்கி, உராய்வைக் குறைத்து, ஓசையை அடக்கி எம்3-இல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது கைக்குத் தெரியும் வழுவழுப்பை வேறு எந்த 35 மி.மீ. கேமராவிலும் நான் உணர்ந்ததில்லை. 1958 வரை வந்தவற்றில் லீவரை இரண்டு முறை இழுக்கவேண்டும். அதற்குப் பின் வந்தவற்றுக்கு ஒரு வீச்சு போதும். பயன்பாட்டுக்கு வாங்குபவர் பிந்தையதைத் தேடுவது நல்லது.

எம்3-இன் பலவீனங்களும் அதன் சிறப்புகளின் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டு படிமங்களை ஒன்றுசேர்த்துத் தூரத்தைக் கணித்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டரின் பட்டகங்கள் கனடா பால்சம் என்னும் பிசினால் ஒட்டப்பட்டவை. பிசின் முதுமையில் விட்டுப்போனாலோ, கேமரா கீழே விழுந்து அதிர்ந்து ஒட்டுப் பிரிந்தாலோ, நடுவில் தெரியவேண்டிய இரட்டைப் படிமம் மங்கும் அல்லது முற்றிலும் மறைந்துவிடும். கேமராவில் செய்யவேண்டியிருக்கும் பழுதுகளில் செலவு மிகுந்தவற்றுள் இது ஒன்று. துணித் திரைக்கு வெயிலும் ஆபத்து. லென்ஸைத் திறந்தபடி சூரியனை நோக்கி வைத்துவிட்டால், பூதக்கண்ணாடியில் குவிவதுபோலக் குவிந்த ஒளி திரையில் ஓட்டை போட்டுவிடும். உடலைப் போர்த்தியிருக்கும் வல்கனைட் என்னும் கடின ரப்பர் உறை காலப்போக்கில் நொறுங்கி உதிர்வதும் உண்டு. அது தோற்றத்துக்கு மட்டுமே குறை. இவை எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது என்பதே எம்3-இன் உண்மையான பலம். திரையை மாற்றலாம், பட்டகத்தை மாற்றலாம், உறையைப் புதிதாக ஒட்டலாம். இவற்றைச் செய்யத் தெரிந்தவர்கள் இன்றும் பல நாடுகளில் தொழிலில் இருக்கிறார்கள்.

கான்டாரெக்ஸைப் புரிந்துகொள்ள அதன் மூதாதையான கான்டாக்ஸிலிருந்து தொடங்கவேண்டும். லைக்காவுக்குப் போட்டியாக ஸைஸ் ஐகான் 1932-இல் டிரெஸ்டனில் கான்டாக்ஸை வெளியிட்டபோது துணித் திரையை ஏற்கவில்லை. பித்தளைத் தகடுகளைப் பட்டு நாடாக்களால் கோத்து, கடைக்கதவு போல மேலிருந்து கீழே இறங்கும் உலோக ஷட்டரைச் செய்தது. 1936-இல் வந்த கான்டாக்ஸ் 2-இல் அதிகபட்ச வேகம் நொடியில் 1250-இல் ஒரு பங்கு. ரேஞ்ச்ஃபைண்டரின் அடித்தளம், அதாவது தூரத்தைக் கணிக்கும் இரண்டு சன்னல்களுக்கு இடையிலான தொலைவு, ஏறத்தாழ 90 மி.மீ.; அது கூடினால் துல்லியமும் கூடும். இருபது ஆண்டு பிந்திய எம்3-இன் அடித்தளம்கூட ஏறத்தாழ 68 மி.மீ. தான். 1944-இல் நார்மண்டி கடற்கரையில் போர்ப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் கேப்பா கையில் இருந்தது கான்டாக்ஸ் 2. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் எல்லா வகையிலும் லைக்காவை விஞ்சும் கேமரா அது. ஆனால் பட்டு நாடா இற்றுப்போனால் ஷட்டர் செயலிழக்கும். அதைத் திரும்பக் கோப்பது பொறுமையும் தனித்தேர்ச்சியும் கேட்கும் வேலை. ஒரு சிக்கலைத் தீர்க்க மேலும் ஒரு உறுப்பைச் சேர்ப்பது என்ற ஸைஸ் ஐகானின் மனப்போக்கு அங்கேயே வேரூன்றிவிட்டது.

போருக்குப் பின் ஸ்டுட்கார்ட்டில் இயங்கிய மேற்கு ஜெர்மன் நிறுவனம் அந்த மனப்போக்கின் உச்சமாகக் கான்டாரெக்ஸை 1958 போட்டோகினாவில் காட்டி, 1960-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. லென்ஸுக்கு நேர் மேலே பெரிய வட்டக் கண்ணாடிக்குள், பேட்டரி வேண்டாத செலினிய ஒளிமானி பதிந்திருக்கும். அதனால் சேகரிப்பாளர்கள் அதை ஒற்றைக்கண் அரக்கன் என்று அழைக்கிறார்கள். லென்ஸ் இல்லாமலேயே எடை ஒரு கிலோகிராமை நெருங்கும். உறுப்புகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். ஒளி நுழையும் துளையான அப்பெர்ச்சரை லென்ஸில் அல்லாமல் உடலின் முன்புறத்தில் உள்ள சிறு சக்கரத்தால் மாற்றவேண்டும். பிலிமைப் பாதியில் வைத்துவிட்டு, தடுப்புத் தகடு செருகி, பின்புறப் பெட்டி முழுவதையும் கழற்றி வேறொரு பிலிம் உள்ள பெட்டியைப் பொருத்தலாம், 35 மி.மீ. கேமராவில் அது அன்று அரிதான வசதி. ஓபர்கோகனில் கார்ல் ஸைஸ் செய்த லென்ஸ்களின் உலோக வேலை இந்த நான்கு கேமராக்களிலும் உயர்ந்தது என்று தயங்காமல் சொல்வேன். ஃபோகஸ் வளையம் திரும்பும்போது எங்கும் தளர்வும் இல்லை, இறுக்கமும் இல்லை. 1965 ஜூன் 3 அன்று ஜெமினி 4 விண்கலத்திலிருந்து எட் வைட் விண்வெளியில் நடந்தபோது அவர் கையிலிருந்த உந்துகருவியின் மேல் பொருத்தப்பட்டிருந்தது ஒரு கான்டாரெக்ஸ் ஸ்பெஷல்.

இத்தனை பெருமைக்கும் விலை இருக்கிறது. கான்டாரெக்ஸின் மேல்மூடியைக் கழற்றுவதற்கே பல உறுப்புகளை வரிசை தவறாமல் எடுக்கவேண்டும். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொன்றையும் அதனதன் துல்லிய நிலைக்குச் சரிசெய்யவேண்டும். பழுது பார்ப்பவர்களில் பலர் இதைத் தொடவே மறுப்பார்கள். ஸைஸ் ஐகான் 1970-களின் தொடக்கத்திலேயே கேமராத் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் உதிரிப் பாகம் என்றால் இன்னொரு கான்டாரெக்ஸைப் பிரிப்பதுதான் வழி. செலினிய மானியும் பலவற்றில் சோர்ந்துபோயிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இந்த நான்கில் மிகச் சிறந்த வேலைப்பாடு இதுவே என்று நான் நம்புகிறேன். அந்த நாளைக் கடந்து வாழ்வதற்கு அதைச் செய்தவர்கள் வழிவைக்கவில்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிறது. அதே குடும்பத்தில் ஒளிமானி இல்லாத புரொபஷனல் என்ற வகையும் உண்டு. அது மிக அரிது. கிடைத்தால் விலை எட்டாது.

ரோலைஃப்ளெக்ஸ் முற்றிலும் வேறு வழியில் சென்றது. பவுல் ஃபிராங்கேவும் ரைன்ஹோல்ட் ஹைடெக்கேவும் 1920-இல் தொடங்கிய நிறுவனம் 1929-இல் முதல் ரோலைஃப்ளெக்ஸை வெளியிட்டது. மேலே பார்ப்பதற்கு ஒரு லென்ஸ், கீழே படம் எடுப்பதற்கு ஒரு லென்ஸ் என்ற அமைப்பு. நம் கண்ணுக்குக் காட்சியைத் திருப்பிவிடும் கண்ணாடி அசையாமல் நிற்பதால், ஷட்டர் இயங்கும்போது அதிர்வு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. லென்ஸுக்குள்ளேயே அமைந்த கம்பூர் ஷட்டரின் உலோக இதழ்கள் திறந்து மூடும் ஓசை, அருகில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத அளவு மெல்லியது. எந்த வேகத்திலும் ஃபிளாஷ் பொருந்தும். அதிகபட்ச வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்கு மட்டுமே என்பதை ஈடாக ஏற்கவேண்டும். 120 என்னும் அகலமான பிலிமில் பன்னிரண்டு சதுரப் படங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றின் பரப்பும் 35 மி.மீ. படத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல் என்பதால், பெரிதாக்கி அச்சிடும்போது வரும் தெளிவை மற்ற மூன்றும் எட்டமுடியாது.

இந்தக் கேமராவில் என்னை மிகவும் கவர்ந்தது, வெளியில் தெரியாத ஒரு சிறு ஏற்பாடு. 120 பிலிமின் முன்பகுதியில் வெறும் காகிதம் மட்டுமே இருக்கும். பிலிம் ஒட்டப்பட்ட இடத்தில்தான் தடிமன் கூடும். 1937-இல் வந்த ஆட்டோமாட் வகையிலிருந்து, பிலிமை இரண்டு உருளைகளுக்கு இடையே செலுத்தி, அந்தத் தடிமன் மாற்றத்தை உருளைகளே உணர்ந்து முதல் படத்துக்கான எண்ணிக்கையைத் தொடங்கும்படி செய்தார்கள். அம்புக்குறி பார்த்து நிறுத்தவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஒரு தாளின் தடிமனைத் தொட்டுணரும் உலோக உருளை இன்றும் பெரும்பாலான ரோலைஃப்ளெக்ஸ்களில் தவறாமல் வேலை செய்கிறது. பக்கத்தில் உள்ள கைப்பிடியை முன்னே சுற்றினால் பிலிம் நகரும், பின்னே திருப்பினால் ஷட்டர் தயாராகும். 1958-இல் வந்த 3.5 எஃப்-இல் ஸைஸ் பிளானார் அல்லது ஷ்னைடர் ஸீனோடார் லென்ஸ் இருக்கும். இரண்டில் எது மேல் என்ற வாதம் ஓயாதது. நல்ல நிலையில் கிடைப்பதை எடுத்துக்கொள்வதே போதும். 1960-இல் வந்த 2.8 எஃப்-க்குச் சந்தையில் விலை கூடுதல். கிடைக்கும் கூடுதல் ஒளியோ அரை நிறுத்தத்தைச் (ஒரு நிறுத்தம் என்றால் ஒளி இரட்டிப்பாவது) சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

எச்சரிக்கை ஒன்று தேவை. ரோலைஃப்ளெக்ஸின் முன்பலகை முழுவதும் முன்னும் பின்னும் நகர்ந்துதான் ஃபோகஸ் ஆகிறது. கேமரா ஒருமுறை பலமாக விழுந்திருந்தால் அந்தப் பலகை பிலிமுக்கு இணையாக இருக்காது. படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கலங்கியும் வரும். வெளித்தோற்றத்தில் இது எளிதில் தெரியாது. மேலும் இடவலம் மாறித் தெரியும் காட்சியைக் குனிந்து பார்த்து எடுக்கும் முறை, ஓடியாடும் குழந்தைகளையும் தெருவின் வேகத்தையும் பிடிக்க நினைப்பவருக்கு ஒத்துவராது. மனிதர்களை நிதானமாக எடுப்பவருக்கோ இதைவிட மரியாதையான கருவி கிடையாது. கேமராவை முகத்துக்கு முன் உயர்த்தாததால் எதிரில் இருப்பவரிடமிருந்து நம் கண்களை நாம் மறைப்பதில்லை. இந்தியாவின் முதல் பெண் செய்திப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா, அமெரிக்கத் தெருக்களைப் படமெடுத்த விவியன் மையர் போன்றவர்கள் இதைக் கையாண்டு எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

நிக்கான் எஃப் பற்றிக் குறைவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. அதன் நேர்மை அப்படி. நிப்பான் கோகாகு போருக்குப் பின் செய்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் வெளிவடிவத்தைக் கான்டாக்ஸிடமிருந்தும், ஷட்டரின் கருத்தை லைக்காவிடமிருந்தும் எடுத்துக்கொண்டது. இரண்டு பள்ளிகளையும் படித்துவிட்டு எது நிலைக்கும் என்று சரியாக எடைபோட்ட தேர்வு அது. 1959-இல் வந்த எஃப் அந்தக் கேமராக்களின் உடலின் மேல், லென்ஸ் வழியே வரும் காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் கண்ணாடிப் பெட்டியையும் பட்டகத்தையும் ஏற்றியது. ஷட்டர் பொத்தான் மேல்தகட்டில் வசதிக்குச் சற்றுப் பின்னால் தள்ளி இருப்பது அந்த மரபின் அடையாளம். துணிக்குப் பதில் டைட்டேனியத் தகட்டுத் திரை. ஆகவே வெயிலில் ஓட்டை விழும் அச்சம் இல்லை. வியூஃபைண்டர் படத்தின் பரப்பை முழுதாகக் காட்டும். ஜப்பானிய வடிவமைப்பாளர் யூசாகு காமெகுரா வரைந்த அந்தக் கூர்மையான பட்டக முகப்பு இன்றும் அழகு. எட்டு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டதால் உடலும் லென்ஸும் உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்கும். கம்போடியாவில் போரைப் படமெடுத்துக்கொண்டிருந்த டான் மெக்கல்லின் மீது பாய்ந்த குண்டைத் தடுத்ததும் ஒரு நிக்கான் எஃப் தான்.

எஃப் வாங்குபவர் ஒளிமானி இல்லாத எளிய பட்டகத்தோடு வாங்கவேண்டும். ஃபோட்டோமிக் என்னும் மானித் தலைகள் இன்று கிடைக்காத பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் உட்பகுதிகளும் தேய்ந்திருக்கும். கண்ணாடி மேலெழும்போது தாங்கும் நுரைப்பட்டை கரைந்து பிசுபிசுப்பாகியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், செலவு அதிகமில்லை. கண்ணாடி அடிக்கும் ஓசையை மட்டும் மாற்றமுடியாது. லைக்கா நுழையும் அமைதியான இடங்களுக்கு எஃப் ஏற்றதன்று.

எதை வாங்கினாலும் சோதிக்கவேண்டியவை பெரும்பாலும் பொதுவானவை. ஷட்டரை ஒரு நொடியில் வைத்து இயக்கி, பற்சக்கரங்களின் ஒலி இடையில் தயங்காமல் சீராக ஓடி முடிகிறதா என்று காது கொடுத்துக் கேட்கவேண்டும். பழைய எண்ணெய் இறுகிப்போன கேமரா முதலில் மெதுவான வேகங்களில்தான் திக்கும். நிக்கானிலும் லைக்காவிலும் பின்பக்கத்தைத் திறந்து, வெளிச்சமான சுவரை நோக்கி மிக உயர்ந்த வேகத்தில் இயக்கும்போது சட்டம் முழுவதும் ஒரே அளவில் ஒளி தெரியவேண்டும். ஒரு ஓரம் இருண்டால் இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப்பிடிக்கிறது என்று பொருள். லென்ஸின் வழியே சிறு விளக்கைப் பாய்ச்சிப் பூஞ்சை இழைகளையும் மங்கலையும் தேடவேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரில் தொலைதூரக் கம்பம் ஒன்றைப் பார்த்து, லென்ஸ் முடிவிலிக் குறியில் இருக்கும்போது இரண்டு படிமங்களும் ஒன்றுகின்றனவா என்று உறுதிசெய்யவேண்டும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் அந்தக் காலத் தோலுறைக்குள் கேமராவை வைக்கவே கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சையை வளர்க்கும். காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதே பாதுகாப்பு.

என் முடிவு இது. கான்டாரெக்ஸை, ஏற்கெனவே வேறொரு நல்ல கேமரா வைத்திருப்பவர், உலோக வேலையின் உச்சத்தைக் கையில் உணர்வதற்காக, அது நின்றுபோகலாம் என்று தெரிந்தே வாங்கலாம். ஒரே கேமராவாக அதை வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். செலவைக் கட்டுப்படுத்தவேண்டியவருக்கும், மழை வெயில் பாராமல் வெளியே திரிந்து எடுப்பவருக்கும் நிக்கான் எஃப். அதனோடு 50 மி.மீ. எஃப்/2 நிக்கோர் லென்ஸ் போதும். முகங்களை நிதானமாக எடுத்துப் பெரிதாக அச்சிட விரும்புபவருக்கு 3.5 எஃப். ஒரே கேமராவை வாழ்நாள் முழுதும் வைத்துக்கொள்ள விரும்பி, அதற்குரிய பணமும் உள்ளவருக்கு ஒற்றை வீச்சு லீவர் கொண்ட எம்3. ஆனால் 35 மி.மீ. லென்ஸே தன் பார்வை என்று உறுதியாக அறிந்தவர் எம்3-ஐ விட்டுவிட்டு, அந்தச் சட்டத்தை உள்ளேயே கொண்ட எம்2-ஐ எடுக்கவேண்டும். நான்கில் எதுவாயினும், கேமராவின் விலையோடு அதை முழுமையாகப் பிரித்துத் துடைத்துப் புது எண்ணெய் இடுவதற்கான கூலியையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். நன்றாக இயங்குகிறது என்று விற்பவர் சொன்னாலும், கடைசியாக எப்போது, யாரால் திறக்கப்பட்டது என்பதற்கு அவரிடம் பதில் இல்லையென்றால் அந்தக் கூலியை விலையிலிருந்து குறைத்துக் கேட்கலாம்.